கோட்டைக்கு எந்த நாளில் போவது?

கேள்வி: தரங்கம்பாடியைச் சுற்றிப் பார்க்க ஒருநாள் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகப் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். டென்மார்க்காரர்கள் இங்கே கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து பிடியுங்கள், சுமார் 30 கி.மீ.

நகர வாயிலில் அண்ணாந்து பாருங்கள்: டென்மார்க் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் தெரியும். உள்ளே ராஜவீதியில், 1718-இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் அவர். பலர் இதைப் பார்க்காமலே கடற்கரைக்கு ஓடிவிடுகிறார்கள். வீதி முடிவில் 1620-இல் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை. கடல் பக்கச் சுவரைப் படமெடுக்கக் காலை வெயில்தான் சரி. மாலையில் நிழல் விழுந்துவிடும்.

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே அலைத்தடுப்புக் கற்களில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.