600 யார்டு ரைஃபிள் போட்டி: பணத்தை எடுக்கும் முன்

கேள்வி: ஓஹையோவில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துக் கிளப்பில் மாதம் ஒருமுறை 300, 500, 600 யார்டு தூரத்தில் ரைஃபிள் போட்டி நடக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன், அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கையில் 3,000 டாலர் வைத்திருக்கிறேன். கடைக்காரர் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகைக்கான ரைஃபிள் ஒன்றைக் காட்டி, தூரத்துக்கு இதுதான் சரி என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இந்த மாதம் வாங்காதீர்கள். அடுத்த போட்டிக்கு வெறும் கையோடு, காதடைப்பானும் கண்ணாடியும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். போட்டி நடத்துபவருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டு, நான் புதியவன், டார்கெட்டுகளுக்கு அடியில் ஆள் நிற்கும் குழியில் வேலை செய்ய வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எலெக்ட்ரானிக் டார்கெட் இல்லாத கிளப்பாக இருந்தால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு குண்டுக்கும் டார்கெட்டைக் கீழே இழுத்து, ஓட்டையில் வட்டை செருகி, மதிப்பெண் அடையாளத்தை வைத்து மறுபடி மேலே ஏற்ற ஆள் வேண்டும். தலைக்கு மேலே குண்டு போகும் சத்தம் முதல் பத்து நிமிடம் உடம்பைத் தூக்கிப்போடும், அப்புறம் பழகிவிடும். யாருடைய ஓட்டைகள் உயரம் மாறாமல் பக்கவாட்டில் மட்டும் அலைகின்றன என்று கவனியுங்கள். அந்த ஆளின் ரைஃபிளில் குறை இருக்காது, காற்றைத்தான் அவர் தவறாகப் படிக்கிறார். இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், கடைக்காரர் பேச்சை வேறு காதால் கேட்பீர்கள்.

இப்போது அந்த 6.5 கிரீட்மூருக்கு வருவோம். நல்ல தோட்டாதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரைஃபிளை ஏதாவது ஒன்றின் மேல் தாங்கி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் என்ற போட்டி வகையில் இரண்டு பிரிவு உண்டு. எஃப்-டிஆர் பிரிவில் .223 அல்லது .308 என்ற இரண்டு தோட்டா வகைகள் மட்டும்தான். முன்பக்கம் பைபாட் என்ற இரண்டு கால் தாங்கி, பின்பக்கம் மணல் பை, பைபாடும் ஸ்கோப்பும் சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவுக்குள். மற்றது எஃப்-ஓப்பன். அங்கே ஏறக்குறைய எந்தத் தோட்டாவும் சரி, எடை 10 கிலோ வரை போகலாம், முன்னால் அகலமான தாங்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கிரீட்மூரை வாங்கினால் நேராக எஃப்-ஓப்பனில் போய் உட்காருவீர்கள், பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுபவர் ரைஃபிளுக்கும் தாங்கிக்கும் மட்டுமே 5,000, 6,000 டாலர் போட்டிருப்பார். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. என் முதல் .308-ஐ விற்ற கடை, குழல் முனையில் உதையைக் குறைக்கும் மசில் பிரேக் மாட்டியிருப்பதை ஒரு கூடுதல் வசதியாகச் சொல்லி அதற்கும் சேர்த்து விலை வாங்கியது. போட்டிக்குப் போனால் இது இங்கே கூடாது, கழற்றுங்கள் என்றார்கள். அது சுலபத்தில் கழலவில்லை, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கழற்றி, ரைஃபிளின் குறியை மறுபடி சரிசெய்து பார்ப்பதற்குள் ஒரு சீசனில் இரண்டு போட்டி போய்விட்டது. ஆகவே எதை வாங்கினாலும், அதன் விவரத்தைப் போட்டி நடத்துபவருக்கு அனுப்பி, எந்தப் பிரிவில் சுடலாம், எதைக் கழற்ற வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு அப்புறம் கார்டைத் தேயுங்கள்.

3,000 டாலரை நான் எப்படிப் பிரிப்பேன் என்றால், ரைஃபிளுக்கு 1,000 முதல் 1,300 வரை. கனமான குழல் உள்ள போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளும் வகை) போதும், மேகசின் எப்படி இருந்தாலும் கவலையில்லை, போட்டியில் ஒவ்வொன்றாகத்தான் போடப்போகிறீர்கள். ஸ்கோப்புக்கு 600 வரை. அதில் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: குறியை மாற்றும் திருகியை எத்தனை முறை திருகினாலும் போன இடத்துக்குச் சரியாகத் திரும்பி வர வேண்டும், பக்கவாட்டில் பாரலாக்ஸ் திருகி (கண் அசைந்தாலும் குறி நகராமல் இருக்கத் தூரத்துக்கேற்பச் சரிசெய்வது) இருக்க வேண்டும். எம்ஓஏ என்ற கோண அளவில் உள்ளதையே எடுங்கள். 1 எம்ஓஏ என்பது 100 யார்டுக்கு ஏறக்குறைய 1 அங்குலம், 600 யார்டில் 6 அங்குலம். எஃப்-கிளாஸ் டார்கெட்டில் 10 மதிப்பெண் தரும் வளையம் 600 யார்டில் சரியாக 6 அங்குல அகலம், அதனால் கணக்கு மனதிலேயே ஓடும். 100 யார்டில் குறி சரிசெய்த .308-க்கு 600 யார்டில் 15 எம்ஓஏ பக்கம் உயர்த்த வேண்டிவரும், ஸ்கோப்பின் அடியில் 20 எம்ஓஏ சாய்வுள்ள பேஸ் (ஸ்கோப் உட்காரும் அடித்தளம்) போட்டுவிட்டால் உயர்த்த இடம் போதவில்லை என்ற பிரச்சினை வராது. பைபாட், பின் பை, பாய் எல்லாம் சேர்த்து 300. மீதி எல்லாம் தோட்டா. ஆமாம், மீதி எல்லாமே.

ஏன் என்று கணக்குப் போடுங்கள். வழக்கமான ஒரு நாள் போட்டி என்பது 20 குண்டு வீதம் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கணக்கில் சேராத 2. மொத்தம் 66 குண்டு. கடையில் வாங்கும் போட்டித் தர .308 தோட்டா ஒன்று 2 டாலரைச் சுற்றி நிற்கிறது, அப்படியானால் ஒரு போட்டிக்கு 130 டாலர், நுழைவுக் கட்டணம் தனி. வருடத்துக்கு எட்டுப் போட்டி, இடையில் கொஞ்சம் பயிற்சி என்றால் தோட்டாவே ரைஃபிள் விலையைத் தாண்டிவிடும். ரைஃபிளிலேயே 2,500-ஐப் போட்டுவிட்டு, மாதம் 20 குண்டுக்கு மேல் சுட முடியாமல் இரண்டே வருடத்தில் விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: அதே கிளப்புக்குத்தான் நானும் போகிறேன். எஃப்-டிஆர் என்று முடிவாகிவிட்டது. .223-ஆ, .308-ஆ? பழைய ரைஃபிள் வாங்கலாமா?

பதில்: 600 யார்டோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் .223. உதை குறைவு, தோட்டா விலை குறைவு, 66 குண்டு சுட்ட பிறகும் தோள் தோளாக இருக்கும். ஆனால் குண்டைச் சுழல வைக்கக் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கைப் பார்த்து வாங்குங்கள். 77, 80 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) உள்ள கனமான குண்டுகள்தான் அந்தத் தூரத்துக்கு நிற்கும், அவற்றுக்கு 8 அங்குலத்தில் ஒரு சுற்று, அல்லது அதைவிட வேகமான 7 அங்குலம் வேண்டும். 12 அங்குல முறுக்குள்ள .223 மலிவாகக் கிடைக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. பின்னால் 1,000 யார்டுக்குப் போக ஆசை இருந்தால் .308.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் .308 போட்டித் தோட்டாவுக்கு, நேர் குறுக்கே மணிக்கு 1 மைல் காற்று கூடினால் 600 யார்டில் குண்டு ஏறக்குறைய 3 அங்குலம் தள்ளிப்போகும். 10 வளையத்தின் நடுவிலிருந்து அதன் ஓரம் வரைக்கும் அதே 3 அங்குலம்தான். 1 மைல் வித்தியாசம் கன்னத்தில் கூடத் தெரியாது. கொடியையும், வெயில் நாளில் டார்கெட் முன்னால் ஓடும் கானலையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எந்த விலை ரைஃபிளும் இதை உங்களுக்காகச் செய்யாது.

பழையது தாராளமாக வாங்கலாம், கிளப் ஆட்களிடம் வாங்குவது எனக்குப் பிடித்த வழி. இதுவரை எத்தனை குண்டு சுட்டது, குறிப்பேடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காகச் சுடுபவர் எழுதி வைத்திருப்பார், எழுதாதவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள். .308, .223 குழல்கள் போட்டித் தரத்தில் 3,000 குண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கும், 6.5-284 போன்ற வேகமானவை 1,000 பக்கத்திலேயே களைத்துவிடும். விற்பவர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைமாற வேண்டும், நண்பர்தானே என்று வாகன நிறுத்தத்தில் வைத்து வாங்கிவிடாதீர்கள்.

சுட்ட கூடுகளைப் பொறுக்கி, ஒரே தயாரிப்புக் கூடுகளைத் தனித்தனியாகப் பெட்டியில் வையுங்கள். ஒரு வருடம் கழித்து நீங்களே தோட்டா நிரப்பத் தொடங்கும்போது அவைதான் முதலீடு. அதற்கு முன்னால் நிரப்பும் கருவி வாங்க வேண்டாம்.

கேள்வி: என் நண்பர் எச்-1பி விசாவில் இருக்கிறார். அவரும் கூட வந்து என் ரைஃபிளில் நாலு குண்டு சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: சும்மா கூட்டிக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிடாதீர்கள். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகள் உண்டு, பலரும் பயன்படுத்துவது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். தனக்குச் சொந்தமில்லாததை மைதானத்தில் கையில் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும், கொடுத்த உங்களுக்கும் சிக்கல். நாலு குண்டுக்காக ஒருவருடைய விசாவைப் பணயம் வைக்கக் கூடாது. குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துக் கேட்டு, உரிமத்தை எடுத்துக்கொண்டு அப்புறம் வரட்டும். அதுவரை ரைஃபிளையும் தோட்டாவையும் தொடாமல் குழியில் டார்கெட் இழுக்கட்டும், காற்றையும் படித்துப் பழகலாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை, கடையில் வழக்கமான படிவமும் பின்னணிச் சோதனையும்தான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதி உண்டு, நியூ ஜெர்சியிலும் இல்லினாயிலும் வாங்குவதற்கு முன்பே தனி அட்டை எடுக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஆட்களுக்குத்தான் நடக்கிறது. மைதானத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். பக்க ஜிப்பில் தங்கிப்போன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தின் ஸ்கேனரில் தெரிந்தாலும், இந்திய ஆயுதச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் வைத்திருந்ததாக வழக்கு வரலாம், தவறுதலாக வந்தது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். காலிக் கூடு கூட வேண்டாம். அந்தப் பையின் மேல் பெரிய எழுத்தில் மைதானம் என்று எழுதி, ரைஃபிள் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.