டாரா அரசர் பட்டியலில் மகன் ஏன் அடுத்து வரவில்லை?

கி.பி. 734க்குப் பிறகு டாரா அரசர்களில் (அயர்லாந்தின் உயர் அரசர் என்று உரிமை கோரியவர்கள்) தந்தைக்கு அடுத்து மகன் வராததால், வம்சாவளி வரைபடம் குழம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பட்டியல் சரிதான். ஈ நேல் குலத்தின் இரண்டு கிளைகள் அந்த அரசுரிமையை மாறி மாறி வைத்திருந்தன: வடக்கே கெனேல் நோகன், நடு அயர்லாந்தின் மிடேயில் கிளான் கொல்மான்.

734இல் வடக்கின் ஐத் அல்லான். 743இல் அவரைப் போரில் வீழ்த்திய மிடேயின் டோம்னால். 763இல் ஐத்தின் தம்பி நீயல், அப்புறம் 770இல் டோம்னாலின் மகன் டொன்கத். மகன் வருகிறார், ஆனால் ஓர் ஆட்சி தள்ளி! சண்டைக்கார உறவினர்களிடையே இந்த முறை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது உண்மையிலேயே வியப்பு.

கிளைக்கு ஒரு நிறமாக இரண்டு நெடுவரிசைகளில் வரையுங்கள். 944இல் அரசரான கொங்கலாக் மட்டும் வேறு கிளை. அவருக்குத் தனி நிறம். 1002இல் தென் அயர்லாந்தின் மன்ஸ்டர் அரசர் பிரையன் போரு வந்ததும் இந்த முறை உடைகிறது, வரைபடத்தை அங்கே நிறுத்தலாம்.