பொட்டலத்துக்கு மறுசோறு கிடையாது

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு கிராமம். டிப்ளமோ முடித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு வரும்போது ரயிலில் உங்கள் கட்டுரைகளைப் படித்துக்கொண்டு வருவேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. வேலையும் வெயிலும் எனக்குச் சிரமமாக இல்லை. சாப்பாட்டு நினைவு வந்தால்தான் ஆள் உடைந்துபோகிறேன். பிரியாணி, கறிக்குழம்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பழைய சோறுதான். அம்மா ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றைக் காலையில் பிழிந்து போட்டு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக் கொடுப்பாரே, அது. அறையில் சொன்னேன். "சிங்கப்பூருக்கு வந்து பழைய சோற்றுக்கு அழுகிறவன் நீ ஒருவன்தான்" என்று சிரித்தார்கள். இப்போது எனக்குப் பட்டப்பெயரே அதுதான்.

விடியற்காலை நாலரைக்கு விடுதி வாசலில் காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து இரண்டு பொட்டலங்களை எடுத்துக்கொண்டு லாரி ஏறுவோம். பன்னிரண்டரைக்கு மதியப் பொட்டலத்தைப் பிரித்தால் பல நாட்களில் சாம்பார் நுரைத்திருக்கும். அம்மா தினமும் போனில் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறார். நன்றாகச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன். நம் மண்ணில் விளைந்த அரிசி இல்லை என்பதால்தான் மனது ஒட்டவில்லையோ என்றும் தோன்றுகிறது. போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். மூன்று வருடமாகப் பழகவில்லை. இது என்ன நோய் அக்கா? பெயர் போட வேண்டாம்.

துவாஸிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த நுரைத்த சாம்பாரைப் பேசிவிடுவோம். ஊர் ஏக்கத்தையும் அதையும் ஒரே மூட்டையாகக் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். ஏக்கம் உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும். நுரைத்த சாம்பார் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

அந்தப் பொட்டலங்களை நான் பார்த்திருக்கிறேன். பழுப்புத் தாளுக்குள் சோறு செங்கல் போல இறுகி இருக்கும். சாம்பார் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில், கழுத்தில் ரப்பர் பேண்ட் சுற்றி. சூடு ஆறுவதற்குள் கட்டியதால் பையின் உள்பக்கம் முழுவதும் வியர்த்திருக்கும். நாலரைக்கு உங்கள் கைக்கு வர வேண்டும் என்றால் நள்ளிரவு தாண்டியதுமே உலை வைத்திருப்பார்கள். சமைத்த உணவை வெளியில் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்கே உணவுத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் சூட்டில் கிருமி பெருகும். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் விழித்துக்கொள்கின்றன. உங்கள் மதியப் பொட்டலம் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் பையில் கிடக்கிறது.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அம்மா வைத்த பழைய சோறும் அதே எட்டு மணி நேரம்தான் கிடந்தது. நன்றாக ஆறவிட்டு, சோறு முழுகத் தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் அவர் வைத்த சோற்றில் மோரைப் புளிக்கவைக்கும் வகை நுண்ணுயிர்கள் வேலை செய்து, அதைப் புளிக்க வைத்தன. அந்தப் புளிப்புக்குள் கெட்ட கிருமி எளிதில் தலையெடுக்காது. பொட்டலத்துச் சோறு ஊசிப்போகிறது. புளித்தது, ஊசிப்போனது என்று நம் மொழி இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. உங்கள் நாக்குக்கு அந்த வேற்றுமை தெரிகிறது. தினமும் ஊசியதைத் தின்னக் கொடுத்தால் புளித்ததற்காக அது ஏங்கத்தான் செய்யும். இதை நோய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே பொட்டல விஷயத்தில் "பழகிவிடும்" என்ற சொல்லைக் காதில் வாங்காதீர்கள். பிரிக்கிற நேரம் தெரியும்படி நாலைந்து நாள் படம் எடுத்து வையுங்கள். அறையில் உள்ள எல்லோரிடமும் பேசி, சேர்ந்து போய் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சமைத்துப் பட்டறைக்கே பதினொரு மணிக்குக் கொண்டுவந்து தரும்படி கேட்பது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. அப்படி வாங்கித் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. தனியாக மட்டும் போகாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குத் தெரியாததல்ல. நிறுவனம் காது கொடுக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சும் 2009 முதல் இயங்குகிற வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கின்றன. வேலையில் அடிபட்டு, வழக்கு முடியும்வரை சம்பளம் இல்லாமல் இருக்கிற ஊழியர்களுக்கு டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் சாப்பாடு கொடுத்துவருகிறது. கஃப் ரோட்டில் தொடங்கியது. சாப்பாட்டுக் கடையில் மேசையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வைக்கிறார்கள். வேலை செய்ய முடியாமல் நிற்கிறவருக்கே அது வேண்டும் என்று சிலர் நினைத்திருக்கும்போது, கப்பல் அடியில் நெருப்போடு வேலை செய்கிற உங்களுக்கு அது அதிகமா?

இனி ஏக்கத்துக்கு வருகிறேன்.

அறையில் சிரித்தவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். சோற்றுக்காகக் கலங்கியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது தேக்காவில் எத்தனை பேர் தேவைக்கு மேல் அரிசிப் பை தூக்கிக்கொண்டு போனார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன். நல்ல சம்பளக்காரர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் சிங்கப்பூருக்கென்று 50,000 டன் அனுப்பத் தனி அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. இந்தத் தீவில் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல் தாண்டியும் மலேசியாவிலிருந்து பாலம் தாண்டியும் வருவது. இங்கே எல்லோருமே எங்கிருந்தோ வரும் சோற்றை எதிர்பார்த்து இருப்பவர்கள்தான்.

நம் மண் அரிசி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டில் பெரும்பாலும் பொன்னிதான் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். காவிரியின் பெயர். 1986இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது வெள்ளைப் பொன்னி. அதன் பெற்றோர் யார் தெரியுமா? ஒன்று தைவானின் தாய்ச்சுங் 65. மற்றொன்று மாயாங் எபோஸ் 80, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலாய் மண்ணின் நெல். அந்தக் கலப்பில் மலேசியாவில் பிறந்த மசூரிதான் தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆயிற்று. அறந்தாங்கியில் உங்கள் அம்மா உலையில் இடுகிற அரிசிக்கு நீங்கள் இப்போது இருக்கும் கரையில் தாய் வீடு இருக்கிறது. இது எனக்குத் தெரியவந்த நாளில் வெகுநேரம் அரிசிப் பானைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தேன். ஆகவே மனது ஒட்டாமல் போனதற்கு அரிசி காரணம் இல்லை, தம்பி.

நான் 1996இல் மன்னார்குடியிலிருந்து கல்யாணம் ஆகி வந்தேன். தோ பாயோவில் வீடு. வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தேக்காவுக்குப் போனால் முருங்கைக்காய் கிடைத்தது. மாங்காய், மணத்தக்காளி வற்றல் கிடைத்தன. 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கிற கோமள விலாஸில் வாழையிலைச் சாப்பாடு கிடைத்தது. எல்லாம் கிடைக்கிற ஊரில் ஏங்குகிறவளுக்கு அதை வெளியே சொல்ல வாயும் இருக்காது. எல்லாம்தான் கிடைக்கிறதே என்பார்கள். உங்கள் வெட்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

அந்த டிசம்பரில் ஒரு நாள் காலையிலிருந்து மழை. எங்கள் புளோக்கின் கீழ் காப்பிக்கடையில் தியோச்சு சீனர்களின் கஞ்சி விற்கிற ஒரு பாட்டி இருந்தார். அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. அன்று போனேன். ஒரு மங்கில், அதாவது பீங்கான் கிண்ணத்தில், சோறும் தண்ணீருமாக, பருக்கை குழையாமல், கலங்கிய நீருக்குள் தெளிவாகத் தெரிகிற கஞ்சி. ஒரு சின்னத் தட்டில் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி. இன்னொன்றில் உப்பில் ஊறிய கீரை. புளிப்பு மட்டும்தான் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு மங்கை இரண்டு கையாலும் தூக்கி, எங்கள் வீட்டில் நீராகாரம் குடிப்பதுபோல விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். கீழே வைத்தபோது பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு சொல் பேசவில்லை. எங்களுக்குள் பொது மொழியும் இல்லை. அகப்பையால் இன்னும் ஒரு முறை கஞ்சியை மொண்டு என் மங்கில் ஊற்றிவிட்டுப் போனார். காசு கேட்கவில்லை.

நான்கு மாதமாக எனக்கு எது கிடைக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் சமைத்தேன், நான் போட்டுக்கொண்டேன், நான் தின்றேன். என் தட்டைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. போதும் என்று கையை மறிக்க எனக்கு ஒருவர் இல்லை.

உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். "அம்மா பிழிந்து போட்டு", "வைத்துக் கொடுப்பாரே" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பொட்டலத்துக்கு மறுசோறு கிடையாது. எவ்வளவு நல்ல சமையலாக இருந்தாலும் கிடையாது. உங்களுக்குப் பசி எவ்வளவு என்று நேற்றே யாரோ முடிவுசெய்து கட்டிவிட்டார்கள். தேக்காவில் வயதானவர்கள் இன்னும் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். மலேசியாவிலும் இங்கேயும் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்றுதான் பெயர். கடல் கடந்து வந்து கூலி வேலை செய்தவர்களிடையே நிலைத்த சொல் அது. எதைச் சாப்பிட்டாய் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆறியதா என்றுதான் கேட்டார்கள்.

அம்மாவிடம் பொய் சொல்வதை நிறுத்துங்கள். நுரைத்த சாம்பாரை அவரிடம் சொல்ல வேண்டாம். தூரத்தில் இருக்கிறவருக்கு அது தாங்காது. ஆனால் "பழைய சோறு வைக்கப் போகிறேன், எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?" என்று கேளுங்கள். மூன்று வருடமாக அவருக்கும் உங்களுக்குப் பரிமாற வழியில்லாமல் போய்விட்டது. "என்ன சாப்பிட்டாய்?" என்று தினமும் கேட்பது அந்தக் கையின் தவிப்புதான். கேட்டால் நிறையச் சொல்வார். தெரிந்ததையே சொன்னாலும் முழுவதும் கேளுங்கள்.

அவர் சொல்வதற்கு மேல் இந்த ஊருக்காக நான் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். பொட்டலத்துச் சோற்றில் செய்யாதீர்கள், அது ஏற்கெனவே கெடத் தொடங்கியது. விடுதியின் பொதுச் சமையலறையில் சனிக்கிழமை இரவு புழுங்கல் அரிசி வையுங்கள். வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றி மூடுங்கள். எவர்சில்வர் பாத்திரமே போதும். மண்பானைதான் வேண்டும் என்றால் பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் குவித்துவைத்து விற்பார்கள். இங்கே இரவிலும் சூடு குறையாது என்பதால் எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும். ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிடுங்கள், பத்து மணி வரை விட்டால் பல் கூசும். சின்ன வெங்காயத்தைக் கத்தியால் அரியாமல் உள்ளங்கை அடியால் தட்டி உடையுங்கள். மோர் மிளகாய் தேக்காவில் பாக்கெட்டில் கிடைக்கிறது. வறுக்கும்போது நெடி அறை வரைக்கும் போகும். சிரித்தவர்கள் இருமிக்கொண்டு எழுந்து வருவார்கள்.

அதனால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து அரிசி போடுங்கள். பரிமாறுகிற கை உங்களுடையதாக இருக்கட்டும். மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா