மாணவர்கள் தைத்துக் கொடுக்கும் துணி மாஸ்க் உண்மையில் பயன்படுமா? கொடுப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

பயன்படும். ஆனால் துணியைச் சோதிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போட்டுக்கொள்ளப் போகிறவரின் முகத்தில் வைத்துச் சோதியுங்கள். இந்தக் கேள்விக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதிக்கு மேல் இதுதான்.

2020 ஊரடங்கில் கல்லூரியை மூடியதும் என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்த நாங்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டோம். எனக்குப் பள்ளிபாளையம் பக்கம். தறி ஓடும் ஊர், வெளுக்காத காடா துணிக்குப் பஞ்சமில்லை. சீருடை ஆர்டர் நின்றுபோய் டெய்லர் அக்காக்கள் சும்மா இருந்தார்கள். அந்த மார்ச் கடைசியில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வீட்டிலேயே துணி மாஸ்க் தைப்பது பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். துணி வெட்டுவது, துவைப்பது, சோதிப்பது, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பொறுப்பு. தையல் அக்காக்களுடையது.

முதலில் துணியைப் பார்த்துவிடலாம். தறியிலிருந்து வரும் காடாவில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அப்படியே தைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கி ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். பனியன் துணி மெத்தென்று இருப்பதால் எல்லாரும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் அது பின்னல் துணி, இழுத்தால் கண் விரியும். நன்றாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தெரியும். ஜாக்கெட் தைக்கும் டூ பை டூ மாதிரி நெருக்கமாக நெய்த பருத்தி நல்லது.

2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்கு வேண்டும் என்றது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் வடிகட்ட நெய்யாத பாலிப்ரொப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத துணி. அந்த நடு அடுக்குக்கு அலைய வேண்டியதில்லை. ஜவுளிக்கடைகளில் முன்பு கொடுத்தார்களே 'நான் ஓவன்' பை, அது அந்த வகைத் துணிதான். அச்சு இல்லாத புதுத் துணியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் எளிமையானவை. பல்புக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரியக் கூடாது. வெளிப்பக்கம் சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே ஊறிவிடக் கூடாது. போட்டுக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் எரியும் மெழுகுவர்த்தியை ஊதினால் அணையக் கூடாது. ஆனால் அணையவில்லை என்பதால் கிருமி நிற்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மூச்சின் வேகம் தடைப்படுகிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். என்95 மாஸ்க் கண்ணுக்குத் தெரியாத 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கிறது என்றால், அதன் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் அதற்கு முக்கியக் காரணம். சாதாரணத் துணியில் அது கிடையாது. சிறு துகளை அளக்கத் துகள் எண்ணும் கருவி வேண்டும். உங்கள் இயற்பியல் துறையில் லேசர் இருந்தால் பெரிய நீர்த்துளிகளையாவது கண்ணால் பார்க்க வழி உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2020இல் ஓர் இருட்டுப் பெட்டி, லேசர், செல்போன் கேமரா இவற்றை வைத்தே பேசும்போது மாஸ்க்கைத் தாண்டி வரும் துளிகளை எண்ணினார்கள். கைக்குட்டை மாதிரிக் கட்டுவது அதில் மோசமாகவே தேறியது. லேசரை ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

இனி முகம். அதே 2020இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஓரத்தில் இடைவெளி இருந்தால் வடிகட்டும் திறன் பாதிக்கு மேல் குறைந்துவிடுவதைக் காட்டியது. எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் இதே கதைதான். கண்ணாடி போட்டவர்களைப் பேசச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குப் பக்கம் கசிகிறது. மேல் மடிப்புக்குள் மெல்லிய அலுமினியக் கம்பி வைத்துத் தைத்தால் பெருமளவு சரியாகும். கம்பியின் முனையை மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்கத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து கன்னத்தில் குத்தும். நடுவில் தையல் ஓடும் வடிவத்தில் ஊசித் துளைகள் வாய்க்கு நேரே வரும். கொசுவம் வைத்த மாஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை. கொசுவம் வெளிப்பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும், தூசி தங்காது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி மாஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தோடு இழுக்குது கண்ணு, பின்னாடி கட்டற மாதிரி குடு." எலாஸ்டிக் போய்த் தோட்டின் திருகில் சிக்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வயதான பெண்களுக்கெல்லாம் நாடா வைத்துத்தான் தைத்தோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு கஷ்டம். வெயிலில் மண் சுமக்கும்போது வியர்வையில் துணி நனைந்து மூக்கோடு ஒட்டும், மூச்சு முட்டும். ஆளுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கொடுத்து, நனைந்ததும் மாற்றச் சொன்னதும்தான் மதியத்துக்குப் பிறகும் போட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவி, காது கேளாதவர்கள் வாயசைவைப் பார்ப்பதற்காக நடுவில் ஒளி ஊடுருவும் ஜன்னல் வைத்து மாஸ்க் தைத்தார். யாருக்காகத் தைக்கிறோம் என்று தெரிந்து தைத்தவர் அவர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி, பலன் எவ்வளவு? வங்கதேசத்தில் 600 கிராமங்களில், 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த கோவிட் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்கின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எனவே நோய்த்தொற்றுக்காக என்றால், இன்று நான் சர்ஜிக்கல் மாஸ்க்கை மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிட்டு, அது முகத்தோடு படியும்படி நாடாவும் பிடிப்பும் தைத்துத் தருவதில் மாணவர்களை இறக்குவேன். துணி மாஸ்க், அது கிடைக்காத நேரத்துக்கு.

அதே ஆய்வில் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இலவசமாகக் கொடுத்து, நேரில் விளக்கி, தெருவில் பார்க்கும்போது நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களையும் போடவைத்த பிறகு, அந்தக் கிராமங்களில் 42 சதவீதம் பேர் மாஸ்க் சரியாகப் போட்டார்கள். இதெல்லாம் செய்யாத கிராமங்களில் 13 சதவீதம் பேர்தான். அந்த வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ரேஷன் கடை வரிசையில் நின்று ஒருவருக்கு நாடா கட்டிவிட்டால், பின்னால் நிற்கிற நாலு பேர் தங்களுடையதைச் சரிசெய்துகொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

நூற்பாலைப் பஞ்சுத் தூசிக்கோ ஆஸ்பத்திரி வேலைக்கோ உங்கள் துணி மாஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள், கேட்டாலும் கூட. அங்கே என்95 தரம்தான் வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் எந்த மாஸ்க்கும் வேண்டாம். இந்த இரண்டையும், துவைக்கும் முறையையும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் வைத்துவிடுங்கள்.