கோடு கூரையில் ஏறலாமா?

மசில் கார் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணனும் நானும் சேர்ந்து 1969 செவர்லே கமரோ (பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க மசில் கார்) ஒன்றைத் தயார் செய்கிறோம். டிங்கரிங் முடிந்துவிட்டது. 20 அங்குல வீல் போட வேண்டும் என்கிறேன் நான். பழைய 15 அங்குல ராலி வீல்தான் (அந்தக் காலச் செவர்லே ஸ்டீல் வீல்) அழகு என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணன் பக்கம்தான் சாய்கிறோம். ஆனால் முழுசாக அல்ல.

இந்த வண்டியின் மட்கார்டு வளைவுக்குள் சுமார் 26, 27 அங்குல உயர டயர்தான் பாந்தமாக உட்காரும். 27 அங்குல டயரில் 20 அங்குல ரிம் போனால் மேலும் கீழும் மிஞ்சும் ரப்பர் மூன்றரை அங்குலம்தான். 15 அங்குல ரிம்முக்கு அது ஆறு அங்குலம். கமரோவின் பருத்த பக்கவாட்டைத் தாங்கி நிற்பது அந்த ரப்பர்தான். அது மெலிந்தால் பொம்மைக் கார் தோற்றம் வந்துவிடும், பள்ளத்தில் ரிம்மும் அடிபடும். வண்டி காட்சிக்கு நிற்பதற்கும் நிதானமாக ஓட்டுவதற்கும் என்றால் 15 போதும்: முன்னால் 235/60 டயர் (அகலம் 235 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம்), பின்னால் 255/60. 13 அங்குல டிஸ்க் பிரேக் போடுவதாக இருந்தால் 15 உள்ளே நுழையாது. அப்போது 17 அல்லது 18 எடுங்கள். 20 வேண்டாம்.

வாங்கும் முன் அளந்துவிடுங்கள். ஹப் முகத்திலிருந்து (வீல் வந்து பொருந்தும் இடம்) உள்ளே பட்டை ஸ்பிரிங் வரை எவ்வளவு, வெளியே மட்கார்டு மடிப்பு வரை எவ்வளவு என்று வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியிருக்கும் நிலையில் எடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது எடுத்த அளவு பொய் சொல்லும். இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுங்கள், பழைய வண்டிகளில் இடமும் வலமும் ஒன்றாக இருப்பது அரிது. '8 அங்குல வீல்' என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்போடு சேர்த்தால் 9 வரும். அதனால் ஆஃப்செட் (வீலின் நடுவிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் அளவு) பூஜ்யம் என்றால் பேக்ஸ்பேசிங் (அந்த முகத்திலிருந்து வீலின் உள் விளிம்பு வரை) நாலரை அங்குலம். இந்த ஒரு அங்குலத்தை மறந்தவர்களுக்குத்தான் டயர் ஸ்பிரிங்கில் உரசும். முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று: கமரோவின் போல்ட் வட்டம் (எத்தனை போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம்) 5 × 4.75 அங்குலம். ஃபோர்டு மஸ்டாங்குக்கு 5 × 4.5. கால் அங்குலம்தானே என்று மஸ்டாங் வீலை நட்டை முறுக்கி ஏற்றினால் போல்ட் சாய்ந்து நிற்கும், ஓட ஓட நட் தளரும்.

கேள்வி: அதே வண்டிக்கு ஆரஞ்சு நிறம், வெள்ளைக் கோடு. கோடு கூரை வழியாகப் பின்னால் வரை ஓட வேண்டுமா? ஸ்டிக்கரா, பெயின்டா?

பதில்: 1969 இசட்/28 கமரோவில் (கமரோவின் ரேஸ் ரகம்) அகலக் கோடு பானெட்டிலும் டிக்கியிலும்தான். கூரையில் கிடையாது. மூக்கிலிருந்து வால் வரை விடாமல் ஓடுவது ஷெல்பி மஸ்டாங் (ஷெல்பி நிறுவனம் மெருகேற்றிய மஸ்டாங்) மரபு. கமரோவின் கூரை சின்னது, அதன் மேலும் கோடு ஏறினால் வண்டி குறுகித் தெரியும். ஏற்றக் கூடாது என்று சட்டம் இல்லை. எங்கள் கண்ணுக்கு ஒட்டவில்லை. முதலில் மாஸ்கிங் டேப்பில் கோட்டை ஒட்டிப் பத்து மீட்டர் தள்ளி நின்று படம் எடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஸ்டிக்கர் வேண்டாம். அதன் ஓரத்தில் அழுக்கு தங்கும், வெயிலில் சுருங்கும். பெயின்ட் என்றால் பானெட், டிக்கி இடைவெளிகளைச் சரி செய்த பிறகே கோட்டைத் தொடுங்கள். பெயின்டுக்குப் பிறகு பானெட்டை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினாலும் கோடு முறிந்து நிற்பது பளிச்சென்று தெரியும். நடுக்கோட்டுக்குப் பானெட் விளிம்பை நம்பாமல், முன்கண்ணாடியின் நடுவிலிருந்து மூக்கின் நடு வரை நூல் கட்டிப் பிடியுங்கள்.

ஆரஞ்சு பேஸ் கோட் (நிறப் பூச்சு) காய்ந்ததும் ஓரத்துக்கு ஃபைன்லைன் டேப் (ஓரம் கூர்மையாக வரும் மெல்லிய டேப்), அதற்கு வெளியே காகிதம். டேப் ஓரத்தை நகத்தால் அழுத்தி, முதலில் மெல்லிய கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) ஒரு கை அடியுங்கள். டேப்புக்கு அடியில் இடுக்கு இருந்தால் அதை அது அடைத்துவிடும். பிறகு வெள்ளையை மெல்லியதாக இரண்டு மூன்று கை. கோடு பிசிறுவது பெரும்பாலும் ஒரே கையில் கனமாக அடிப்பதால்தான். பெயின்ட் இறுகும் முன்பே டேப்பைத் தாழ்வாக, பின்னோக்கி மடக்கி உரியுங்கள். அப்புறம் பானெட், டிக்கி முழுவதற்கும் கிளியர் மூன்று கை. நன்றாகக் காய்ந்த பின் 600 வாட்டர் பேப்பரால் கட்டை வைத்துத் தேய்த்து மேலும் இரண்டு கை கிளியர். கையால் தடவினால் கோட்டின் ஓரம் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் கிளியர் போதவில்லை. வெறும் விரலால் தேய்க்காதீர்கள், கோட்டோரத்தில் குழி விழும்.

கேள்வி: குரோம் பம்பரைப் பாடி நிறத்தில் அடித்தால் பழமை கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: கெடாது. 1968 பான்டியாக் ஜிடிஓ பாடி நிற முன் பம்பரோடுதான் வந்தது. 1969 கமரோவுக்கும் முன் பம்பர் அப்படி ஆப்ஷனாகக் கிடைத்தது. பின் பம்பர் குரோமாகவே இருந்தது, நீங்களும் அதோடு நிறுத்துங்கள். பின்னாலும் அடித்தால் கதவுக் கைப்பிடியும் கண்ணாடிச் சட்டமும் அநாதையாக மின்னும்.

குரோம் மேல் நேரே பெயின்ட் அடிக்காதீர்கள், முதல் கல் பட்டதும் செதிலாக உரியும். முலாம் பட்டறையில் குரோமை எடுத்துவிட்டு எபாக்ஸி பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) போட வேண்டும். இதற்கு முலாம் போன பழைய பம்பர் ஒன்று போதும். நல்ல குரோம் பம்பரைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

கேள்வி: பின் விளக்குகளை எல்இடி ஆக்கினேன். இண்டிகேட்டர் ஒழுங்காக மின்னவில்லை.

பதில்: பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் கருவி), பல்பு இழுக்கும் மின்னோட்டத்தில் சூடாகித்தான் மின்னும். எல்இடி அவ்வளவு இழுக்காது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றுங்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போடுங்கள், வெள்ளை வெளிறும்.

கேள்வி: எங்கள் கமரோ எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக ரகம்) அல்ல, சாதாரண வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்). எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டினால் ஏமாற்று வேலையா?

பதில்: ஒட்டுவது ரசனை, மறைத்து விற்பதுதான் ஏமாற்று. 1969 கமரோ கூப்பேயின் சேசிஸ் எண் 12437 என்று தொடங்கினால் வி8 என்று மட்டுமே தெரியும், எஸ்எஸ்தானா என்று அது சொல்லாது. அதனால் விற்கும்போது 'எஸ்எஸ் பேட்ஜ், அசல் எஸ்எஸ் அல்ல' என்று எழுத்தில் கொடுங்கள். பேட்ஜுக்காக மட்கார்டில் துளை போடாதீர்கள். பின்பக்க ஊசிகளை அறுத்து, இருபுறம் ஒட்டும் ஃபோம் டேப்பில் பொருத்துங்கள். மனம் மாறினால் தூண்டில் நரம்பை அடியில் விட்டு அறுத்தெடுக்கலாம், பெயின்ட் தப்பும்.