மருந்து கம்பெனிகளின் சமூகப் பொறுப்பால் மலையக மக்களுக்கு உண்மையில் நன்மை உண்டா?

உண்டு. ஆனால் முகாம் நடந்த நாளை வைத்து அதை அளக்க முடியாது. அடுத்த மாதம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்து கம்பெனி ஒன்றின் செலவில் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன். அவர்கள் வந்திருக்காவிட்டால் பக்கவாதம் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, கிளினிக்கில் பதியச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா கிளினிக்குக்கும் போனார். அங்கே சின்னக் காகித உறையில் வேறு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் "கம்பெனி மருந்து" காலையில், "ஆஸ்பத்திரி மருந்து" இரவில் என்று இரண்டையும் போட்டுவந்தார். இரண்டுமே லோசாட்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து; அளவுதான் இரட்டிப்பானது. முகாமில் கொடுத்த பெட்டியில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் பொடி எழுத்திலும் இருந்தது. தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை. நாலாம் நாள் மலையில் தலைசுற்றி, கொழுந்துச் சாக்கோடு கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், விழுந்தார். கால் சுளுக்கிக்கொண்டது. இரண்டு வாரம் பேர் (நாள் வேலைக் கணக்கு) இல்லை, சம்பளமும் இல்லை.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாத, லோசாட்டன் என்ற பொதுப்பெயரைப் பெரிதாகப் போட்டு, "பிரஷருக்கு, ஒரு நாளைக்கு ஒன்று, வேறு பிரஷர் மாத்திரை தந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும்.

பொதுப்பெயரின் அருமையை இந்த நாடு எப்போதோ கண்டுகொண்டது. பேராதனை மருத்துவ பீடத்தில் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே, ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைக்கு விற்பதை எதிர்த்து, பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கும் முறையை முன்வைத்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட மருந்து நன்கொடை வழிகாட்டியும் இதையே கேட்கிறது: பொதுப்பெயர் இருக்க வேண்டும், பெறும் நாட்டின் சுகாதார ஊழியருக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும், வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும். நோயாளியின் மொழி அதில் இல்லை. எங்கள் லயத்துக்கு அதுதான் முதலில் தேவை.

சரி, கடைசிவரை நிற்கும் கம்பெனிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையை, தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தருவதாக மெர்க் 1987இல் அறிவித்தது, இன்றும் தருகிறது. நம் நாட்டில் யானைக்கால் நோய்க்கு 2002 முதல் 2006 வரை அந்நோய் இருந்த மாவட்டங்களில் வருஷந்தோறும் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோய்க்கான அல்பெண்டசோலை கிளாக்ஸோஸ்மித்க்ளைன் உலக நாடுகளுக்கு நன்கொடையாகத் தந்துவருகிறது. 2016இல் யானைக்கால் இனி இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இரண்டிலும் நோய் ஒழியும்வரை கொடுப்பது என்பதுதான் திட்டமே. பிரஷரும் சீனியும் வாழ்நாள் வியாதிகள், அதனால் கம்பெனியே காலமெல்லாம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வருவதற்கு முன் பக்கத்துக் கிளினிக்கோடும் தோட்டத்து மருந்துக்காரரோடும் பேசி, அங்கே தொடர்ந்து கிடைக்கும் மருந்தையே கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அம்மாவின் உறைகளில் இப்போது நான்தான் தமிழில் எழுதுகிறேன்: எதற்கு, எத்தனை, எப்போது. பக்கத்துக் காம்பராக்களில் இருந்தும் மாதத்துக்கு ஒருமுறை உறைகளைக் கொண்டுவருகிறார்கள்.