தாய்லாந்தின் கோன் கேன் நகரம் ரயில் பாதைக்காக நிறுவனம் தொடங்கியது ஏன்?

இலகு ரயில் என்பது நகருக்குள்ளேயே, பெரும்பாலும் சாலையை ஒட்டி, குறைந்த தூரத்தில் நின்று நின்று செல்லும் சிறிய மின்ரயில். வடகிழக்குத் தாய்லாந்தின் கல்வி, வணிக மையமான கோன் கேனில், வடக்கே சம்ரானிலிருந்து தெற்கே தா ப்ரா வரை, மித்ரபாப் நெடுஞ்சாலையை ஒட்டி இப்படியொரு பாதை திட்டமிடப்பட்டது.

தாய்லாந்தின் பெரிய ரயில் திட்டங்கள் நெடுங்காலம் பாங்காக்கையே சுற்றிவந்தன. மற்ற நகரங்களில் மக்கள் சொந்த வண்டியையும், சோங்தியோ எனப்படும் பகிர்வு வண்டிகளையும் நம்பியே வாழ்கிறார்கள். மத்திய அரசின் நிதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று 2017இல் கோன் கேன் பகுதியின் ஐந்து நகராட்சிகள் சேர்ந்து இந்தப் பாதைக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. என் பார்வையில், ரயிலைவிடப் பெரிய துணிச்சல் இதுதான்.

பணம் எங்கிருந்து வரும்? டிக்கெட் வருமானம் மட்டும் பெரும்பாலும் போதாது. ஆனால் நிலையம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பு உயரும். அங்கே கடைகளும் குடியிருப்புகளும் எழுப்பி, அந்த வருவாயை ரயிலுக்குத் திருப்பலாம். வணிக வளாகத்தில் லிஃப்டுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. கடை வாடகையே அதை இயக்குகிறது. அதே கணக்குதான் இங்கும். அதனால் பாதையையும் நிலப் பயன்பாட்டையும் ஒன்றாகத் திட்டமிட்டே ஆக வேண்டும்.

‘நிறுவனம்’ என்றதும் தனியார்மயம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இதைத் தொடங்கிய உரிமையாளர்கள் அந்த ஐந்து நகராட்சிகளே.